ஹெர்ன்லி குடிலில் ஒரு ராத்திரி: முதல்முறை போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர் உயரம். உச்சிக்கு ஏற வழிகாட்டி, கயிறு, பல வருடப் பழக்கம் எல்லாம் வேண்டும். ஆனால் அதன் வடகிழக்கு முகட்டின் அடியில், 3,260 மீட்டரில் மலையேறிகள் தங்கும் ஹெர்ன்லி குடில் வரைக்கும் நல்ல நடை பழகியவர்கள் நடந்தே போகலாம். 1880-இல் முதலில் கட்டியபோது 17 பேர் படுக்கத்தான் இடம். குடில் என்றதும் ஓலைக்கூரையை நினைத்துவிடாதீர்கள். 2015-இல் புதுப்பித்துத் திறந்த இன்றைய கட்டடத்துக்குப் பல மாடிகள்.

1. இடம் பிடியுங்கள்

திறந்திருப்பது கோடையில் மட்டும், ஏறக்குறைய ஜூலை முதல் செப்டம்பர் வரை. சுமார் 130 படுக்கைகள். பெரும்பாலும் மலையேறிகளே நிரப்பிவிடுவார்கள். அதனால் முன்பதிவு கட்டாயம். 2015-லேயே இரவுச் சாப்பாடு, காலை உணவு சேர்த்துத் தலைக்கு 150 சுவிஸ் பிராங்க். வலிக்கிற விலைதான். பக்கத்தில் கூடாரம் அடித்துச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் தடை. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

2. பையைக் கட்டுங்கள்

கணுக்கால் மூடும் பூட்ஸ், குளிர் ஜாக்கெட், கையுறை, நெற்றி விளக்கு, காதடைப்பான், ரொக்கம். ஆல்ப்ஸ் குடில்களில் கம்பளி தருவார்கள். அதற்குள் நாம் நுழைந்து படுக்கும் மெல்லிய துணிப்பையை நாமே கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்க வேண்டாம். பழைய பருத்திப் போர்வையை நீளவாக்கில் மடித்து, அடியையும் ஒரு பக்கத்தையும் தைத்தால் முடிந்தது. கீழேயே இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே குடிநீர் விலைக்குத்தான்.

3. ஏறுங்கள்

மலையடிவாரத்தில் இருக்கும் செர்மாட் ஊருக்குள் பெட்ரோல் கார் விடமாட்டார்கள். ரயிலில் வந்து, ஃபூரி வழியாகக் கேபிள் காரில் ஷ்வார்ட்ஸே போக வேண்டும். 2,583 மீட்டர். அங்கே ஒரு குட்டி ஏரி, கரையில் ஒரு சின்னத் தேவாலயம். நடை இங்கிருந்துதான்: சுமார் 680 மீட்டர் ஏற்றம், இரண்டரை மணி நேரம். கைகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது, நினைவிருக்கட்டும். வழி காட்டும் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போங்கள். பாறையில் அடித்த இரும்பு நடைபாதை ஒன்று வரும். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரலாம், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஆபத்தென்றால் செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தில் அழைக்க வேண்டிய எண் 144.

4. உள்ளே போனதும்

நம் வீட்டு வழக்கம்தான்: பூட்ஸை வாசலிலேயே கழற்றி, அங்கிருக்கும் செருப்புக்கு மாறுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயரோடு, நாளை எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆளைக் காணோம் என்றால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

5. தூக்கத்தை நம்பாதீர்கள்

அங்கே கடிகாரம் மலையேறிகளுடையது. ஒன்பதரைக்கே பேச்சு அடங்கிவிடும். அப்புறம் உயரத்தினால் தலை லேசாக வலிக்கும். புரண்டு புரண்டு படுப்பீர்கள். மூன்றரை வாக்கில் இருட்டில் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், நெற்றி விளக்குகளின் அலைச்சல், யாரோ அடக்கிப் பேசும் ஜெர்மன். எரிச்சல்படாதீர்கள். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நீங்களும் வெளியே வாருங்கள். கரும்பாறையில் வெளிச்சப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே நகர்வதைப் பார்க்கலாம். எனக்கு 150 பிராங்க் அதற்கே சரியாகப் போனது.

6. அங்கேயே நில்லுங்கள்

குடிலுக்குப் பின்னால் சில நிமிட நடையில் பாறையில் தடித்த கயிறு தொங்கும். 'கொஞ்ச தூரம்தானே' என்று தோன்றும். வேண்டாம், அதிலிருந்து மலையேற்றம். மேலே 4,003 மீட்டரில் உள்ள சோல்வே குடிலும் ஆபத்துக்கு ஒதுங்க மட்டும். 1865-இல் முதன்முதலாக உச்சி தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அன்று அறுந்த கயிறு செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடிந்தால் ஏறுவதற்கு முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

7. இறங்குங்கள்

குப்பையைப் பையிலேயே கொண்டுவாருங்கள். சரளைக்கல் வழுக்கும், முட்டி வலிக்கும். ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். ஷ்வார்ட்ஸேயில் கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள்தானே?