முழங்கை நரம்பு: ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கையைத் தொடாதவர்களுக்கு

போன வாரம் ஒரு பயிற்சி மாணவி என் மேசையில் நரம்புச் சோதனை (நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளப்பது) ரிப்போர்ட் ஒன்றை வைத்தாள். "மேடம், அல்நார் நரம்பு முழங்கையில அமுங்கியிருக்கு. நைட் ஸ்பிளின்ட் போட்டு அனுப்பிடட்டுமா?" அல்நார் என்பது முழங்கையின் உட்புறம் வழியாகச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் போகும் நரம்பு. நைட் ஸ்பிளின்ட், ராத்திரியில் முழங்கை மடங்காமல் பிடித்துவைக்கும் பட்டை.

"தொட்டுப் பார்த்தியா?"

"ரிப்போர்ட்லயே தெளிவா இருக்கே மேடம்."

பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னை நிறுத்திக் கேட்கத்தான் அப்போது ஆளில்லை.

முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றாதே, போனைக் காதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசாதே, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்காதே என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பிசியோதெரபி முடித்துப் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சுண்டுவிரல் மரத்ததும் கழுத்துக்கு எக்ஸ்ரே

நாற்பது தாண்டிய பலருக்குக் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். அது அவர்கள் வயதைச் சொல்கிறதே தவிர, விரல் மரத்ததற்குக் காரணம் சொல்வதில்லை. கழுத்துக்குப் பட்டை மாட்டி, இழுவை கொடுத்து, மூன்று மாதம் போனபின் இங்கே வருகிறார்கள்.

மோதிரவிரலைப் பாருங்கள். அல்நார் நரம்பு கெட்டால் அந்த விரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும் மரக்கும், நடுவிரல் பக்கத்துப் பாதிக்கு உணர்வு இருக்கும். கழுத்துக் கோளாறில் இப்படி நடுவில் கோடு போட்ட மாதிரி பிரியாது, முன்கையின் உட்புறமும் சேர்ந்தே மரக்கும். அடுத்து புறங்கை. சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. அதனால் புறங்கையும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் இல்லை, அதற்கு மேலே. ஒரு பஞ்சும் இரண்டு நிமிடமும் போதும்.

தோலைப் பார்க்காமல் 'நரம்பு அமுக்கம்' என்று முடிவு கட்டுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்தவன் ஒரு பரோட்டா மாஸ்டர். வயது இருபத்தாறு. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து நாலு மாதம் ஆகியிருந்தது, பிடிமானமும் கொஞ்சம் குறைவு. மாவை வீசி அடிக்கிற தொழில், நாள் முழுக்க முழங்கை மடங்கி நிமிர்கிறது. முழங்கையைத் தாண்டும் இடத்தில் நரம்பின் வேகம் குறைவு என்றது ரிப்போர்ட். கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரத்தில் கல்லில் சுட்டுக்கொண்ட தழும்புகள் மூன்று. நாலாவது இன்னும் ஆறாத புண். வலிக்கலையா என்று கேட்டேன். "சூடு பழகிடுச்சு மேடம்" என்றான். நானும் சிரித்துவிட்டுத் தொழில் தழும்பு என்று எழுதிக்கொண்டேன். அடுப்படி வெக்கை பழகலாம். தோல் கொப்பளிக்கிற சூடு யாருக்குப் பழகும்? அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்தான்.

பத்து வாரம் வைத்தியம் பார்த்தேன். ராத்திரியில் முழங்கை மடங்காதபடி துண்டைச் சுற்றிக் கட்டச் சொன்னேன், நரம்புப் பயிற்சி (நரம்பு சிக்காமல் நகர்வதற்காகக் கையை அசைப்பது) கொடுத்தேன், அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் வைத்தேன். பதினோராவது வாரம் இரண்டு விரலும் கொக்கி போல வளைய ஆரம்பித்தன. அப்போதுதான் ஒரு பெரிய மருத்துவரிடம் அனுப்பினேன். ரிப்போர்ட்டை அவர் பிரிக்கவே இல்லை. "சட்டையைக் கழட்டு தம்பி" என்றார். தோள்பட்டைக்குக் கீழே முதுகில் வெளிறிய ஒரு படை. "தேமல்னு விட்டுட்டேன் சார், ரெண்டு வருஷமா இருக்கு." ஊசி முனையால் தொட்டார். அவனுக்குத் தெரியவில்லை. பிறகு என் விரலைப் பிடித்து அவன் முழங்கைக்கு மேலே வைத்தார். சணல் கயிறு மாதிரி ஒன்று உருண்டது.

தொழுநோய். அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். அல்நார் நரம்பு முழங்கைக்குச் சற்று மேலே தோலை ஒட்டி ஓடுகிறது, அதனால் அந்த நோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் இதற்குத்தான் முதலிடம். வீங்கிய நரம்பு எலும்புக்குப் பின்னால் இருக்கும் குறுகிய பள்ளத்துக்குள் நுழையும்போது நெருக்கப்படுகிறது. ஆக, ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை, அமுக்கம் இருந்தது. ஏன் அமுங்குகிறது என்று கேட்க வேண்டியது ரிப்போர்ட்டின் வேலையும் இல்லை.

இதெல்லாம் தெரியாமல் இல்லை எனக்கு, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். பிறகு ஏன் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை? ஆறு கட்டில், திரை கிடையாது, நாலு பேர் வேடிக்கை பார்க்கிற கூடம். எனக்கு அவனைவிட இரண்டு வயது குறைவு. கூச்சம்தான், வேறொன்றுமில்லை. கூடவே, தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே என்ற நினைப்பு. 2005 முடிவில் இந்தியா எட்டியது பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவைத்தான். நோய் போய்விடவில்லை. உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கும் மேல் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள்.

நரம்பு வேலை இழந்து ஆறு மாதத்துக்குள் என்றால் தொழுநோய்க் கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுத்து மீட்கப் பார்க்கலாம். அவன் என்னிடம் வந்தது நாலாவது மாதத்தில். நான் துண்டு சுற்றிக்கொண்டிருந்த பத்து வாரம் அந்தக் கெடுவைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. கூட்டு மருந்து இலவசம், நோய் குணமானது. வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940களின் இறுதியில் தொடங்கிவைத்த தசைநார் மாற்று அறுவை (வேலை செய்கிற தசைநாரை இடம் மாற்றித் தைப்பது) வழியில் அவனுக்கும் ஒன்று செய்தார்கள், விரல் நிமிர்ந்தது. உணர்வு மட்டும் திரும்பவில்லை. இப்போது அதே கடையில் கல்லாவில் உட்காருகிறான்.

எப்படித் தொடுவது என்று கேட்கிறார்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, உங்கள் ஒரு கையால் அவர் மணிக்கட்டைத் தாங்குங்கள். மறு கையால் உட்புற எலும்பு முட்டைக் கண்டுபிடித்து, அதன் பின்பக்கப் பள்ளத்திலிருந்து நாலு விரற்கடை மேலே வரை நரம்பைத் தொடருங்கள். மெதுவாக உருட்டினால் போதும், சுண்டாதீர்கள். கண் அவர் முகத்தில் இருக்கட்டும், வலி அங்கேதான் முதலில் தெரியும். பிறகு மறு கையையும் அதேபோல் பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்பதுதான் கேள்வி. கழுத்தைத் திருப்பச் சொல்லிக் காதுக்குக் கீழேயும், முழங்காலின் வெளிப்புறம் சற்றுக் கீழேயும் நரம்பைத் தேடுங்கள், இந்த நோயில் அங்கேயும் தடிக்கும். கடைசியாக முதுகு, புட்டம், தொடையில் படை உண்டா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பெயரைக் கூடத்தில் உரக்கச் சொல்லாதீர்கள். அது இன்னொரு தவறு, அதையும் பார்த்திருக்கிறேன்.

விரல் மரத்து வருகிற எல்லாருக்கும் இது இருக்கப்போவதில்லை. அந்த மாணவி கொண்டுவந்த நோயாளியைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தோம் (திரை நான் வாங்கி மாட்டியது). நரம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தது, தோலிலும் ஒன்றுமில்லை. கடைசியில் ஸ்பிளின்ட்தான் போட்டு அனுப்பினோம். ஏழு நிமிடம் ஆனது.

சதை கரைகிறது, சத்து மாத்திரை ஓடுகிறது

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் குழி விழுந்திருந்தால் காத்திருக்கும் காலம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுங்கள். கட்டைவிரல் நுனி மடங்கினால் உள்ளங்கைத் தசை போய்க்கொண்டிருக்கிறது. அறுந்துபோன நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து அந்தத் தசைக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் என்றால் பத்து மாதம். ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசை, நரம்பு வந்து சேர்ந்தாலும் எழுவது கஷ்டம். நோயாளி "இன்னும் ஒரு அட்டை மாத்திரை பார்க்கலாமே" என்பார். கணக்கைச் சொல்லி அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

டென்னிஸ் எல்போவுக்குப் பெல்ட், இன்னும் இறுக்கமாக

ஆறு மாதமாகியும் போகாத டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்புற எலும்பு முட்டில் வரும் வலி) என்றால் ஒரே விரலால் அழுத்திப் பாருங்கள். உச்ச வலி எலும்பு முட்டிலேயே இருக்கிறதா, அதிலிருந்து மூன்று நாலு விரற்கடை கீழே தசைக்குள் இருக்கிறதா? கீழே என்றால் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பின் ஆழக்கிளையைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் மாட்டிய பெல்ட் சரியாக அதன் மேலேதான் உட்கார்ந்திருக்கும். இந்த வலியில் நரம்புச் சோதனை பெரும்பாலும் நார்மல் என்றே வரும்.

விரல் நிமிரவில்லையா, தசைநார் அறுந்துவிட்டது!

அவசரப்படாதீர்கள். முன்கையில் மரத்துப்போகாமலே தசையை மட்டும் செயலிழக்கவைக்கும் நரம்புக்கிளைகள் இரண்டு உண்டு. விரல்கள் நிமிராவிட்டால் மணிக்கட்டை நீங்களே கீழே மடக்குங்கள். விரல்கள் தாமாக நிமிர்ந்தால் தசைநார் முழுசாக இருக்கிறது. கட்டைவிரல் நுனி மடங்காமல், ஆள்காட்டி விரலோடு சேர்த்து வட்டம் போட முடியாதவருக்கு மணிக்கட்டைப் பின்னால் சாயுங்கள், நுனி தானாக மடங்குகிறதா பாருங்கள். மடங்கினால், கொஞ்ச நாள் முன்னால் தோளில் தூங்கவிடாத வலி வந்து போனதா என்றும் கேளுங்கள். நரம்பு அமுங்காமல், அழற்சியாலும் இப்படி வரும்.

சின்ன வயசில் கை ஒடிஞ்சுதா?

கேளுங்கள். ஒழுங்காகக் கூடாத முழங்கை வெளிப்பக்கம் கோணி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நரம்பை இழுக்கும்.

நரம்புப் பயிற்சி

செய்யும்போது விரல் மரத்துப்போனால் நிறுத்து. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது அல்ல.

ஏசி அறையில் எடுத்த ரிப்போர்ட்

கை சில்லென்றிருந்தால் நரம்பு மெதுவாகத்தான் கடத்தும். முழங்கையை நீட்டிவைத்து அளந்தாலும் வேகம் குறைவாகவே வரும், ஏனென்றால் தளர்ந்து கிடக்கும் நரம்பின் நீளம் டேப்பில் வராது. கையைச் சூடாக்கினார்களா, முழங்கையை மடக்கிவைத்து எடுத்தார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.