கிமோனோ கட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

செர்ரி பூக்கும் காலம் வந்தால் கியோட்டோவில் என் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் தோழிகள், அவர்களுடைய தோழிகள், இங்கே படிக்க வந்த பெண்கள். எல்லோருக்கும் கிமோனோ கட்டிவிட வேண்டும். அதை முறையாகப் படித்தவள் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே ஒவ்வொரு வருடமும் யாராவது செய்து முடித்துவிட்டு வருகிறார்கள். வாடகைக் கடையில் எடுத்தால் செருப்பு, சாக்ஸ், கொண்டை எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். இது சொந்தமாக வாங்குபவர்களுக்கும், யாராவது அன்பாகக் கொடுத்து வைத்திருப்பவர்களுக்கும்.

இடது மேலே

இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். செல்ஃபிப் படங்கள் சிலவற்றில் இடம் வலம் மாறியிருக்கும், அதைப் பார்த்துக் கட்டிப் பழகாதீர்கள்.

கறுப்புப் பட்டு

இது நான் செய்தது. கித்தானோ தென்மங்கு கோயிலில் மாதாமாதம் 25ஆம் தேதி சந்தை கூடும். பழைய கிமோனோக்கள் குவிந்து கிடக்கும். அங்கே ஒரு கறுப்புப் பட்டு கிடைத்தது. பூவேலை எதுவும் இல்லை. முதுகில் ஒன்று, கைகளின் பின்புறம் இரண்டு, மார்பில் இரண்டு என்று ஐந்து சிறிய வெள்ளை முத்திரைகள் மட்டும். எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்று வாங்கி, தோழியின் திருமண விருந்துக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் தோழியின் அம்மா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் கட்டியிருந்ததும் கறுப்புதான், அதே ஐந்து குடும்ப முத்திரைகள்தான். ஆனால் அவருடையதில் இடுப்புக்குக் கீழே தங்க நிறத்தில் வேலைப்பாடு இருந்தது. அது மணமக்களின் அம்மாக்கள் கட்டும் தோமேசோதே. நான் கட்டியிருந்தது மோஃபுகு, துக்க வீட்டுக்கு உரியது. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. என் கையைப் பிடித்து உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப் போய், வேறொன்றை ஏற்பாடு செய்து கட்டிவிட்டார். மகளின் கல்யாண நாளில், அத்தனை வேலைக்கு நடுவில். ஆகவே முத்திரை வைத்த எதையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் கட்டாதீர்கள்.

நீளமாக இருக்கிறதே என்று வெட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே படிக்கும் ஒரு பெண், பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த கிமோனோவை எடுத்து வந்தாள். பாட்டி கல்யாணமான புதிதில் கட்டியதாம். காகித உறையைப் பிரித்தேன். வெளிர்நீலப் பட்டு. கீழ்ப்பகுதியில் தையல்களைத் தாண்டி ஒரே ஓவியமாக ஓடும் கொக்குக் கூட்டம். விரித்துப் பார்த்தால் ஒரு கொக்குக்கும் காலைக் காணோம். அடியில் புத்தம்புதிய மிஷின் தையல்.

“தரையில் புரண்டது அக்கா. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது டெய்லரிடம் கொடுத்து ஒரு சாண் வெட்டிவிட்டேன்” என்றாள். நன்றாகக் கட்ட வேண்டும் என்ற அக்கறையில் செய்ததுதான்.

பெண்களின் கிமோனோ வேண்டுமென்றே நீளமாகத் தைக்கப்படுகிறது. மிச்ச நீளத்தை இடுப்பில் மடித்துக் கயிற்றால் கட்டி, அதன் மேல் ஒபி என்ற அகலமான இடுப்புப் பட்டையைச் சுற்ற வேண்டும். ஒபிக்குக் கீழே ஒரு பட்டை போலத் தெரிகிற அந்த மடிப்புக்கு ஒஹஷோரி என்று பெயர். குள்ளமானவள் அதிகம் மடிப்பாள், உயரமானவள் குறைவாக மடிப்பாள். ஒரே உடையை அம்மாவும் மகளும் பேத்தியும் கட்ட முடிவது அதனால்தான். ஒன்பது கஜப் புடவை நீளமாக இருக்கிறதென்று யாராவது மூன்று கஜத்தை வெட்டிப் போடுவார்களா?

தையலும் அப்படித்தான் யோசித்துச் செய்திருக்கிறார்கள். சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளை நேர்க்கோடுகளாக வெட்டி எட்டுத் துண்டுகளாக்குவார்கள். வளைவு வெட்டு கிடையாது. அளவு குறைக்க வேண்டுமானால்கூடக் கூடுதல் துணியைத் தையலுக்குள் மடித்து வைப்பார்களே தவிர வீணாக்க மாட்டார்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் பிரித்து, துண்டுகளை வரிசையாக இணைத்து, மறுபடி ஒரே நீளத் துணியாக்கித் துவைத்து, வேறொருத்தியின் அளவுக்குத் தைக்கலாம். அந்த ஒரு சாண் போனதோடு இது எல்லாமும் போயிற்று.

அன்று மடிப்பே விடாமல், ஒபியைச் சற்று இறக்கிக் கட்டி ஒப்பேற்றினேன். பாட்டி பார்க்க வந்தார். குனிந்து, கொக்குகளின் கால் இருக்க வேண்டிய இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். அப்புறம் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

பிறருடைய உடை நம் உடம்புக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால், பெரும்பாலும் நமக்குக் கட்டத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். கத்தரிக்கோலை எடுக்குமுன் கொடுத்தவரிடமே கேளுங்கள். அந்தப் பாட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்.

தொங்கும் நீளக்கை

ஃபுரிசோதே. திருமணமாகாத பெண்களுக்கு.

யுகாதா

கோடைக்கான பருத்தி உடை. திருவிழாவுக்குச் சரி, கல்யாணத்துக்கு வேண்டாம்.

மைக்கோ வேடத்தில் கியோன் தெருக்களில்

மைக்கோ என்றால் பயிற்சியில் இருக்கும் இளம் கெய்ஷா. அவர்களைப் போல வெள்ளைப் பூச்சும் அலங்காரக் கொண்டையும் போட்டுவிடும் ஸ்டூடியோக்கள் உண்டு. படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வேடத்தோடு கியோட்டோவின் கெய்ஷா பகுதியான கியோனில் நடக்காதீர்கள். அங்கே உண்மையான மைக்கோக்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களைத் துரத்திப் படமெடுக்கும் தொல்லை தாங்காமல்தான் தனியார் சந்துகளில் 2019இல் புகைப்படத்துக்குத் தடை வந்தது, 2024இல் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை வந்தது.

பயந்து ஒதுங்குவது

2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த கிமோனோ ஓவியத்தின் முன்னால் பார்வையாளர்கள் கிமோனோ போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஆசியப் பண்பாட்டை வேடிக்கைப் பொருளாக்குகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும், தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு “நாங்கள் கட்டலாமா?” என்று தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆசிய முகத்தோடு கேலிக்கு ஆளாகி வளர்ந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. இங்கே நான் பழகியவர்களோ, வெளியூர்க்காரர்கள் பொறுமையாகக் கற்றுக்கொண்டு கட்டினால் மனதார மகிழ்கிறார்கள்.

பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி உங்கள் முதுகுப்பக்கம் வந்து, கேட்காமலே ஒபியை இழுத்துச் சரிசெய்யக்கூடும். எனக்கே பலமுறை நடந்திருக்கிறது. திடுக்கிட்டு விலகாதீர்கள். அவர் முடிக்கும்வரை அசையாமல் நில்லுங்கள்.