திக்குவாய்: ஒளிப்பதை நிறுத்துவதே முதல் பயிற்சி

திக்கிப் பேசுபவருக்கு மிகக் கடினமான சொல் பெரும்பாலும் அவருடைய பெயராகவே இருக்கிறது. மற்றச் சொற்கள் அடைத்துக்கொண்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். பெயருக்கு அந்த வழி இல்லை. என் பெயர் பகரத்தில் தொடங்குகிறது. தொலைபேசியில் யார் பேசுவது என்று கேட்டவுடன் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். மறுமுனையில் ‘ஹலோ, ஹலோ’ என்ற குரல் மட்டும் கேட்கும். அப்படியே அழைப்பைத் துண்டித்த நாட்கள் பல.

பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. இது பயந்த சுபாவத்தாலோ வளர்ப்பின் குறையாலோ வருவதன்று. மரபணுக்களுக்கும், பேச்சுக்கான அசைவுகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் திக்கிவிடுவோமோ என்ற அச்சமும், திக்கியபின் எழும் வெட்கமும் காலப்போக்கில் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் இதைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதி; அச்சமும் வெட்கமும் குற்றவுணர்வும் நீருக்கடியில் கிடக்கும் பெரும் பகுதி. பயிற்சியை அந்த அடிப்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு வாரத்துக்குக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லை மாற்றிச் சொன்னீர்கள், எந்த அழைப்பை எடுக்காமல் விட்டீர்கள், விடை தெரிந்தும் எங்கே தெரியாது என்றீர்கள் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். வார இறுதியில் அவற்றை எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தி, எளிதானதை மட்டும் எடுத்து, அச்சம் தணியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். திக்காமல் பேசினோமா என்று பார்க்காதீர்கள். சொல்ல நினைத்த சொல்லையே சொன்னோமா என்று பாருங்கள். பேச்சின் தொடக்கத்திலேயே “எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுத்துக் கேளுங்கள்” என்று சொல்லிவிடுவது, மறைக்கும் பாரத்தை அந்த இடத்திலேயே இறக்கி வைக்கும். அஞ்சாத சொல் ஒன்றில் வேண்டுமென்றே மெல்லத் திக்கிக் காட்டுவதும் ஒரு பயிற்சியே. கேட்பவர் முகம் நாம் அஞ்சிய அளவுக்கு மாறுவதில்லை என்பதை அதில்தான் நேரில் காண்போம்.

அதன்பின் திக்கலைக் கூர்ந்து பாருங்கள். கைப்பேசியில் உங்கள் பேச்சைக் காணொளியாகப் பதிந்து, இறுக்கம் உதட்டிலா, நாக்கிலா, தொண்டையிலா என்று கண்டறியுங்கள். தாமும் திக்குவாய் உடையவரான அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த மூன்று படிகள் இங்கே உதவும். முதற்படியில், திக்கிய சொல்லை எப்படியாவது சொல்லி முடித்ததும் அடுத்த சொல்லுக்கு ஓடாமல் சில நொடிகள் நின்று, இறுக்கத்தைத் தளர்த்தி, அதே சொல்லை நிதானமாக மீண்டும் சொல்ல வேண்டும். இது பழகியபின், திக்கிக்கொண்டிருக்கும்போதே தளர்த்தி வெளியேறக் கற்க வேண்டும்: ஒட்டிய உதடுகளை மேலும் அழுத்தாமல், அந்த அழுத்தத்தைச் சற்றே குறைத்து, மூச்சைக் கசியவிட்டு, எழுத்தை நீட்டியபடி சொல்லுக்குள் நழுவ வேண்டும். மூன்றாவது, சொல்லைத் தொடங்கும் முன்பே அந்த மென்மையான தொடக்கத்துக்கு வாயைத் தயார் செய்வது. அந்தச் சில நொடி மௌனம்தான் இவற்றில் மிகக் கடினமானது; கேட்பவர் காத்திருக்கிறாரே என்ற பதற்றம் பின்னாலிருந்து தள்ளும். அதைத் தாங்கப் பழகுவதே மனத்துக்கான மருந்து.

தனியறையில் பலருக்குத் திக்குவதில்லை. எனவே தனியறைப் பயிற்சி மட்டும் போதாது, மனிதர்களிடம் பேசியே பழக வேண்டும். சில நாட்கள் பழைய நிலைக்கே திரும்பியதுபோல் தோன்றும். அந்நாட்களில் பட்டியலில் ஒரு படி கீழே இறங்கிச் செய்யுங்கள். அச்சம் வேலையையோ தூக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருந்தால் பேச்சு சிகிச்சையாளரையும் மனநல ஆலோசகரையும் நாடத் தயங்க வேண்டாம். முன்பு திக்காத பெரியவருக்குத் திடீரெனத் திக்கல் வந்தால், இந்தப் பயிற்சிகளில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.