லைட்வெயிட் ஸ்கேரிஃபையர் வாங்கிட்டீங்களா? இந்தத் தப்புகளைப் பண்ணிடாதீங்க

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வந்தா இங்க பிரிட்டன்ல இருக்கற நம்ம ஆளுங்க பல பேர் லான் புல்லுக்கு அடியில படியற குப்பையைக் கிழிச்சு வாரற இந்தச் சின்ன எலெக்ட்ரிக் ஸ்கேரிஃபையர் வாங்கறாங்க. 1,300 வாட்ல இருந்து 1,800 வாட்டுக்குள்ள வரும், ஒரு ஆளே தூக்கி ஷெட்ல வச்சிடலாம். வாங்கின அன்னைக்கே லான் முழுக்க ஒரே மூச்சுல ஓட்டிட்டு, புல்லெல்லாம் பிஞ்சு மண்ணு தெரியவும் மெஷின் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிடறாங்க. பெரும்பாலும் மெஷின்ல ஒரு கோளாறும் இருக்காது, ஓட்டின விதம்தான் தப்பு.

முதல்ல இது என்ன வேலை பண்ணுதுன்னு தெரியணும். பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல செத்த தண்டு, பழைய வேர், பாசி எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும், இதைத்தான் தாட்ச்னு சொல்றாங்க. ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் இருந்தா கெடுதல் இல்ல, ஈரத்தைக் காக்கும். அதுக்கு மேல போனா தண்ணி, உரம் எதுவும் ஒழுங்கா கீழ இறங்காது. அந்தப் படிவைக் கிழிச்சு வெளிய எடுக்கத்தான் இந்த மெஷின். மண்ணை உழறதுக்கு இல்ல.

அதனால நான் பார்த்த வரைக்கும் பெரிய தப்பு ஆழம்தான். எடுத்த எடுப்புலயே ஆழத்தை மாத்தற லீவரை ரொம்ப ஆழமான கடைசி நம்பர்ல வச்சிடறாங்க. கனமான பெட்ரோல் மெஷின் ஆழமா வச்சாலும் தாங்கிப் போகும், நம்ம லைட் மெஷின் குதிக்கும், மோட்டார் சத்தம் இறங்கி முக்க ஆரம்பிக்கும், உடனே நாம கைப்பிடியைப் போட்டு அமுக்குவோம், அமுக்கினா முன்பக்கம் தூக்கிட்டு ஒரு இடத்துல சுரண்டும் ஒரு இடத்துல சுரண்டாது. அப்படி வேண்டாம். ஆழம் ரொம்பக் கம்மியான செட்டிங்ல ஆரம்பிங்க, நாலு அடி ஓட்டிட்டு நிறுத்தி, வெளிய வந்ததைக் கையில எடுத்துப் பாருங்க. காஞ்ச வைக்கோல் நிறத்துல தண்டும் பாசியும் வந்தா சரியான ஆழம். மண்கட்டியும் வெள்ளை வேரும் பச்சைப் புல்லு கொத்துக் கொத்தாவும் வந்தா ரொம்பக் கீழ போயிட்டீங்க, ஆழம் குறையற பக்கமா ஒரு நம்பர் மாத்துங்க. பிளேடு மண்ணுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் கோடு போட்டாலே போதும். இன்னும் எடுக்கணும்னா முதல் ஓட்டுக்குக் கொஞ்சம் சாய்வா ரெண்டாவது ஓட்டு ஓட்டுங்க.

நிறைய மெஷின்ல ரெண்டு ரோலர் வரும். கம்பி பல்லு வச்சது மேலாக வாரறதுக்கு, பிளேடு வச்சது கிழிக்கறதுக்கு. பாசி மட்டும் லேசா இருக்குன்னா கம்பியே போதும், அதைத் தொடாம எடுத்ததும் பிளேடை மாட்டறது தேவையில்லாத வேலை.

அடுத்தது நேரம். புல்லு நல்லா வளர்ற சமயத்துல பண்ணாதான் காயம் ஆறும். ஆகஸ்ட் கடைசியில இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் நல்ல சமயம், மண்ணுல சூடும் இருக்கும் மழையும் வரும். ஏப்ரல்ல பண்றதுன்னா கம்பி ரோலர் மட்டும் போட்டு லேசா வாருங்கன்னுதான் நான் சொல்வேன். ஜூலை வெயில்ல, புல்லு பழுப்பா கிடக்கும்போது கைவைக்கவே வைக்காதீங்க. மழை பெஞ்ச மறுநாளும் வேண்டாம், ஈரத்துல வெட்டாது, வேரோட பிடுங்கும். மேல காஞ்சு உள்ள லேசா ஈரம் இருக்கற நாள் பாருங்க. புதுசா போட்ட லானா இருந்தா ஒரு வருஷமாவது விட்டுடுங்க.

பாசி நிறைய இருந்தா அதை உயிரோட வாரக்கூடாது, லான் பூரா பரவும். முதல்ல இரும்பு சல்ஃபேட் போடுங்க, ஒரு ரெண்டு வாரத்துல பாசி கறுத்துடும், அப்புறம் மெஷினை எடுங்க. சல்ஃபேட், லான் பக்கத்துல தளம் பதிச்சிருக்கற பேட்டியோ (patio) கல்லுல சிந்தினா துருக்கறை பிடிச்சிக்கும், லேசுல போகாது, அதனால உடனே பெருக்கிடுங்க.

ஓட்டறதுக்கு முன்னாடி புல்லை வெட்டிக் குறைக்கணும், ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு. ஒரே நாள்ல இல்ல, ரெண்டு மூணு தடவையா வெட்டிக் கொண்டுவாங்க. நீளமான புல்லுல ஓட்டினா ரோலர்ல சுத்திக்கிட்டு மோட்டார் சூடாகும். கூடவே வர்ற பை கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள நிறைஞ்சிடும், நிறைஞ்சது தெரியாம தள்ளிட்டே போனா வாரினதெல்லாம் திரும்ப லான்லயே அடைஞ்சுக்கும். பையைக் கழட்டிட்டு ஓட்டி அப்புறம் வாரியெடுக்கறது எனக்கு என்னவோ இன்னும் சுலபமா படுது, ஆனா உங்க மெஷின் மேனுவல்ல அப்படி ஓட்டலாம்னு போட்டிருக்கான்னு பார்த்துக்கோங்க.

மெஷின் சுத்திக்கிட்டு இருக்கும்போது ஒரே இடத்துல நிக்காதீங்க, குழி விழும். திருப்பும்போது ரோலரைத் தூக்கிட்டுத் திருப்புங்க. வயர் விஷயத்துல ரொம்ப கவனம் வேணும்: பிளக் பாயின்ட் பக்கத்துல ஆரம்பிச்சு தள்ளித் தள்ளிப் போங்க, அப்பதான் வயர் முதுகுக்குப் பின்னாடியே கிடக்கும், ரீல்ல சுத்தின எக்ஸ்டென்ஷனை முழுசா பிரிச்சிடுங்க இல்லைன்னா சூடாகும், ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளையை நிறுத்தற பாதுகாப்பு சுவிட்ச்) இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க. அடைப்பு எடுக்கணும்னா சுவிட்சை ஆஃப் பண்ணா பத்தாது, பிளக்கையே பிடுங்கணும், ஆஃப் பண்ணப்புறமும் பிளேடு கொஞ்ச நேரம் சுத்தும்.

முடிச்சதும் லானைப் பார்த்தா வயித்தைக் கலக்கும், பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கும். ஆனா அதோட விட்டுடறதுதான் மிச்ச வேலையையும் கெடுக்கற தப்பு. வெறும் மண்ணு தெரியற இடத்தை அப்படியே விட்டா புல்லுக்கு முன்னாடி களையும் பாசியும் வந்து உக்காந்துக்கும். மண்ணு கெட்டியா இருந்தா கார்டன் ஃபோர்க்கால பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி விடுங்க, அன்னைக்கே விதை தூவுங்க, ரை புல்லு சூடு இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைச்சிடும், ஃபெஸ்க்யூ வகைப் புல்லு கொஞ்சம் லேட்டாகும். முளைக்கற வரைக்கும் மேல் மண்ணு காயவிடக்கூடாது. செப்டம்பர்ல உரம் போடறதா இருந்தா நைட்ரஜன் கம்மியா இருக்கற, இலையுதிர் காலத்துக்குன்னு விக்கற உரமா (autumn feed) பார்த்து வாங்குங்க. வடக்கு பார்த்த வேலியோரம், மரத்தடி மாதிரி நிழல் இடத்துல சாதா விதை நிக்காது, நிழலுக்குன்னே விக்கற கலவை வாங்கிப் போடுங்க, முடிஞ்சா மேல கவிஞ்சிருக்கற கிளையையும் கொஞ்சம் வெட்டி விடுங்க.