பழைய காலப்பயண நாவல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

நல்ல காலப்பயண நாவல்கள் எவை என்று இணையத்தில் தேடினால் எங்கே போனாலும் அதே பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் வரும். அவை மோசமான புத்தகங்கள் இல்லை. ஆனால் ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதப்படுவதால், 1940-க்கும் 1985-க்கும் இடையில் வந்த அருமையான நாவல்கள் பல யார் கண்ணிலும் படாமலே கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்க நான் கடைப்பிடிக்கிற வழிகளைச் சொல்கிறேன்.

முதலில், காலப்பயணத்தில் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சிலருக்கு முடிச்சுதான் பிடிக்கும்: போனவன் தன்னையே சந்திக்கிறான், எது காரணம் எது விளைவு என்று பிரிக்க முடியாமல் கதை தன் வாலைத் தானே கவ்விக்கொள்கிறது. அந்த வகையில் டேவிட் ஜெரால்ட் 1973-இல் எழுதிய 'தி மேன் ஹூ ஃபோல்டட் ஹிம்செல்ஃப்' அளவுக்குத் துணிந்து போன நாவல் குறைவு. சிலருக்கு வரலாற்றை மாற்றிப் பார்க்கும் ஆசை. அவர்களுக்கு 20-ஆம் நூற்றாண்டுத் தொல்லியலாளர் ஒருவர் கி.பி. 535-இல் ரோம் நகரில் போய் விழும் கதை இருக்கிறது, எல். ஸ்பிரேக் டி கேம்ப் எழுதிய 'லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் வென்றுவிட்ட உலகத்தில் நடக்கும் வார்டு மூரின் 'பிரிங் தி ஜூபிலி'யும் (1953) இதே வகைதான். இன்னும் சிலருக்கு இயந்திரமும் வேண்டாம், முரண்பாடும் வேண்டாம், பழைய காலத்துத் தெருவில் நடந்துவிட்டு வந்தாலே போதும். ஜாக் ஃபின்னி 1970-இல் எழுதிய 'டைம் அண்ட் அகெய்ன்' 1882-ஆம் வருட நியூயார்க்கை அப்படித்தான் கண்முன் கொண்டுவருகிறது. முடிச்சுக் கதை தேடுகிறவர் ஃபின்னியை எடுத்தால் நூறு பக்கத்தில் சலித்துப்போவார். தப்பு புத்தகத்தின் மேல் இல்லை, தேடிய விதத்தின் மேல்தான்.

அப்புறம், தலைப்பை மட்டும் நம்பித் தேடாதீர்கள். மேலே சொன்ன 'டைம் அண்ட் அகெய்ன்' என்ற அதே தலைப்பில் கிளிஃபர்ட் சிமாக்குக்கும் ஒரு நாவல் இருக்கிறது, 1951-இல் வந்தது, முற்றிலும் வேறு கதை. அது 'ஃபர்ஸ்ட் ஹி டைட்' என்ற பெயரிலும் அச்சாகியிருக்கிறது. ரிச்சர்ட் மேதசனின் 'பிட் டைம் ரிட்டர்ன்' (1975) பின்னால் 'சம்வேர் இன் டைம்' ஆனது. பிரையன் ஆல்டிஸ் 1967-இல் எழுதிய நாவல் ஒரு நாட்டில் 'ஆன் ஏஜ்', இன்னொரு நாட்டில் 'கிரிப்டோசோயிக்'. இந்தக் குழப்பத்துக்கு மருந்து ஐ.எஸ்.எஃப்.டி.பி. (ISFDB) என்ற, அறிவியல் புனைகதைகளுக்கான இலவச இணையத் தரவுத்தளம். எழுத்தாளர் பெயரைக் கொடுத்தால் அவருடைய நாவல்கள், மாற்றுத் தலைப்புகள், பதிப்புகள், எந்தப் பத்திரிகையில் எந்த வருடம் தொடராக வந்தது என்பதெல்லாம் வந்துவிடும். பழைய புத்தகம் வாங்கும் முன் அங்கே ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது, ஏற்கெனவே படித்ததையே வேறு பெயரில் வாங்கிவிடும் ஆபத்து இருக்காது.

நல்ல நாவல்களை எனக்கு அதிகமாகக் காட்டிக்கொடுத்தவை அறிவியல் புனைகதை விருதுகளின் பட்டியல்கள். ஆனால் நான் பார்ப்பது வென்றவற்றை இல்லை, இறுதிச் சுற்றுவரை வந்து தோற்றவற்றை. ஹியூகோ விருது 1953-இலும் நெபுலா 1966-இலும் தொடங்கியவை. வென்ற புத்தகங்களை எல்லோரும் மறுபதிப்புப் போடுவார்கள், தோற்றவை மெல்ல மறைந்துபோகும். வில்சன் டக்கரின் 'தி இயர் ஆஃப் தி குவைட் சன்' (1970) இரண்டு விருதுகளின் இறுதிப் பட்டியலிலும் இருந்தது, இரண்டையும் வெல்லவில்லை. ஆறு வருடம் கழித்து, இதை விட்டுவிட்டோமே என்று தோன்றியோ என்னவோ, ஜான் டபிள்யூ. கேம்பல் நினைவு விருதுக்காரர்கள் அதற்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்தார்கள். அமைதியாக ஆரம்பித்துக் கடைசி அத்தியாயங்களில் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற நாவல் அது. அதன் கதைச்சுருக்கத்தை எங்கேயும் தேடிப் படித்துவிடாதீர்கள், தயவுசெய்து. ராபர்ட் சில்வர்பெர்க்கின் 'அப் தி லைன்' (1969) என்ற நாவலும் இப்படி இரண்டு பட்டியலிலும் வந்து தோற்றதுதான்.

அறிவியல் புனைகதை அலமாரியோடு நின்றுவிடவும் கூடாது. ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' (1979) பல இடங்களில் பொது இலக்கியத்தில்தான் இருக்கும். 1976-இல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி, அடிமை முறை இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். எப்படி இழுக்கப்படுகிறாள் என்ற விளக்கமே நாவலில் கிடையாது, அவருமே இதை அறிவியல் புனைகதை என்று சொல்லவில்லை. ஆனாலும் காலப்பயணம் என்ற கருவை இவ்வளவு வலியோடு பயன்படுத்திய நாவல் வேறொன்று எனக்குத் தெரியாது. தாஃப்னி டு மாரியே எழுதிய 'தி ஹவுஸ் ஆன் தி ஸ்ட்ராண்ட்' (1969) கூட இப்படி வேறு அலமாரியில் ஒளிந்திருக்கும். நூலக அட்டவணையில் எழுத்தாளர் பெயரால் தேடாமல் 'டைம் டிராவல்', 'ஃபிக்ஷன்' என்ற பொருள் தலைப்பால் தேடினால் இந்த மாதிரிப் புத்தகங்கள் தானாக வந்து நிற்கும்.

ஒரு எழுத்தாளர் ஒத்துவருவாரா என்று சந்தேகம் இருந்தால் அவருடைய சிறுகதையை முதலில் படியுங்கள். அந்தக் காலத்து நாவல்கள் பல பத்திரிகைக் கதையாகப் பிறந்து பிறகு வளர்ந்தவை. மைக்கேல் மூர்காக்கின் 'பிஹோல்ட் தி மேன்' 1966-இல் குறுநாவலாக வந்து 1969-இல் நாவலானது. போல் ஆண்டர்சனின் 'கார்டியன்ஸ் ஆஃப் டைம்' (1960) காலத்தைக் காவல் காக்கும் ஒரு படையைப் பற்றிய கதைகளின் தொகுப்புதான், இரண்டு கதை படித்தாலே உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும். தொகுப்பு நூல்களின் முன்னுரைகளையும் தாண்டிப் போகாதீர்கள், தொகுப்பாசிரியர் போகிற போக்கில் குறிப்பிடும் நாவல் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு வெளியேயும் பாருங்கள். எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' 1895-இல் வந்தது, அதற்கு எட்டு வருடம் முன்பே ஸ்பெயினின் என்ரிக்கே கஸ்பார் காலத்தில் போகும் ஒரு இயந்திரத்தை வைத்து நாவல் எழுதிவிட்டார், 2012-இல்தான் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் ரெனே பார்ஜவெல் 1940-களிலேயே, தன் மூதாதையைக் கொன்றவன் பிறந்திருக்க முடியுமா என்ற கேள்வியை நாவலாக்கினார்.

வெல்ஸையும் மார்க் ட்வெயினின் 1889 நாவலான ஆர்தர் மன்னர் கதையையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசம், காதால் கேட்க லிப்ரிவாக்ஸ் இருக்கிறது. 1950-களுக்குப் பிந்தையவற்றில் பெரும்பாலானவை காப்புரிமையில் உள்ளவை, அவற்றுக்கு நூலகம், பழைய புத்தகக் கடை, இன்டர்நெட் ஆர்க்கைவின் இரவல் பகுதி என்று போகலாம். மறுபதிப்பு வேண்டுமானால் 'எஸ்.எஃப். மாஸ்டர்வொர்க்ஸ்' என்ற வரிசையைப் பாருங்கள், மூர், மூர்காக் இருவருமே அதில் உண்டு.

கையில் எடுத்ததும் பின்னட்டையை விட்டுவிட்டு முதல் இருபது பக்கத்தைப் படியுங்கள், பழைய பின்னட்டைகள் திருப்பத்தையே போட்டு உடைத்துவிடும். அறிவியல் பழசாக இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். கிரெகரி பென்ஃபோர்டின் 'டைம்ஸ்கேப்' (1980) 1998-ஐ எதிர்காலமாக வைத்து, அங்கிருந்து 1960-களுக்குச் செய்தி அனுப்பப் பார்க்கிறது. அந்த 1998 நமக்கு எப்போதோ கடந்துபோனது, அப்படியும் ஆய்வகத்தில் மனிதர்கள் பொறாமையும் அவசரமும் நம்பிக்கையுமாக வேலை செய்யும் பக்கங்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. பழசாகிப்போய் உறுத்துவது வேறு விஷயம்: பெண்களை எழுதியிருக்கும் விதம். ராபர்ட் ஹைன்லைனின் 'தி டோர் இன்டு சம்மர்' வேகமான, சுவையான கதை, ஆனால் நாயகன் சிறுமியாகப் பார்த்துப் பழகியவளைக் காலத்தைத் தாண்டிப் போய் மணந்துகொள்ளும் முடிவு எனக்குச் செரிக்கவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு எடுக்கிறவர்கள் எடுக்கலாம். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் டக்கரை எடுங்கள், அடுத்து பட்லர்.