ஆம்பிளையளின்ர சம்பளம், பொம்பிளையளின்ர சம்பளம்: யாழ்ப்பாணத்தையும் முழு இலங்கையையும் எப்பிடி ஒப்பிட்டுப் பாக்கிறது

எங்கட மச்சாள் டவுனில ஒரு புடவைக் கடையில வேலை. அவவோட அதே நாள் சேந்த பெடியன்ர சலரி சிலிப்பையும் அவவின்ரயையும் பக்கத்தில வச்சுப் பாத்தம், பேசிக் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான், ஓ.டி.யும் இன்சென்டிவும்தான் அவனுக்குக் கூட. உடன வீட்டில எல்லாரும் யாழ்ப்பாணத்திலதான் இந்த அநியாயம் எண்டு துவங்கிட்டினம். ரெண்டு சிலிப்பை வச்சு அப்பிடிச் சொல்லேலாது, ஆனா மாசச் சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்யிற ஆம்பிளை பொம்பிளையளின்ர இடைவெளியை யாழ்ப்பாணத்துக்கும் முழு நாட்டுக்கும் கணக்குப் பாக்கலாம்.

நாட்டு நம்பருக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின்ர லேபர் போர்ஸ் சர்வே, அதாவது ஆக்களின்ர வேலையையும் சம்பளத்தையும் பற்றிக் கேட்டு எடுக்கிற கணக்கெடுப்பு, அதின்ர அறிக்கையைப் பாருங்கோ. யாழ்ப்பாண நம்பரும் அதே சர்வேயில இருந்து, அதே வருசத்துக்குத்தான் எடுக்கோணும். மாவட்டத்தை ஆண் பெண் எண்டு பிரிச்சுப் போட்டிருக்காட்டித் திணைக்களத்திட்டயே கேளுங்கோ, 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதுக்குத்தான் இருக்கு. ஒரு மாவட்டத்தில சர்வேக்குக் கேள்வி கேக்கிற ஆக்களின்ர எண்ணிக்கை குறைவு, அதால ஒரு வருச நம்பரை மட்டும் நம்பாமல் மூண்டு நாலு வருசத்தைச் சேத்துப் பாருங்கோ.

மொத்தச் சம்பளத்தைத்தான் எடுக்கோணும், ஈ.பி.எஃப். எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிச்சு கையில வாற காசை இல்லை. அவரேஜை விட நடுச் சம்பளத்தை, அதாவது சம்பளங்களைச் சின்னதில இருந்து பெரிசா அடுக்கினா நடுவில நிக்கிறதை, பாக்கிறது நல்லம். அஞ்சு பேர் 38,000, 40,000, 42,000, 45,000, 185,000 எடுக்கினம் எண்டா அவரேஜ் 70,000, ஆனா அஞ்சு பேரில நாலு பேர் அந்தக் காசுக்குக் கிட்டவும் இல்லை, நடுவில நிக்கிறது 42,000.

இனித்தான் முக்கியமான இடம். ஆம்பிளையின்ர சம்பளத்தில பொம்பிளையின்ரயைக் கழிச்சு, ஆம்பிளையின்ரயால பிரிச்சு, 100 ஆல பெருக்கினா இடைவெளி வீதம் வரும். கணக்கு விளங்கிறதுக்கு நானா ஒரு நம்பர் போடுறன்: நாட்டில ஆம்பிளை 60,000, பொம்பிளை 51,000, இடைவெளி 15 வீதம். யாழ்ப்பாணத்தில 48,000, 45,000, இடைவெளி ஆறேகால் வீதம். ஆகா, எங்கட ஊர் நல்லம் எண்டு சொல்லிப் போடாதேங்கோ, எங்கட பொம்பிளை நாட்டுப் பொம்பிளையை விட 6,000 குறைய எடுக்கிறா, ஆம்பிளையின்ர சம்பளம் நாட்டு நம்பரை விட 12,000 குறைஞ்சதாலதான் இடைவெளி சுருங்கினது. அதால நாலு நம்பரையும் ஒரே தாளில எழுதுங்கோ, வீதத்தை மட்டும் தூக்கிக் கொண்டு போகாதேங்கோ.

அடுத்தது மணித்தியாலம். முழுநேரம் எண்டாலும் எல்லாருக்கும் ஒரே நேரம் இல்லை. 60,000 எடுக்கிறவர் மாசத்துக்கு 240 மணித்தியாலமும் 51,000 எடுக்கிறவ 204 மணித்தியாலமும் வேலை செய்தா ரெண்டு பேருக்கும் மணித்தியாலத்துக்கு 250 ரூபாதான். மச்சாளின்ர விசயமும் இதுதான், பின்னேரம் பிள்ளையை டியூசனில இருந்து ஏத்த ஓடோணும், அவ ஓ.டி. எப்பிடி நிக்கிறது? மணித்தியாலக் கணக்கில இடைவெளி இல்லை எண்டு வந்தாலும் வீட்டு வேலை ஆரின்ர தலையில எண்ட கேள்வி அப்பிடியே கிடக்கு.

அரசாங்க வேலையையும் தனியார் வேலையையும் பிரிச்சுப் பாருங்கோ. ரீச்சர்மாருக்கு ஒரே தரத்தில ஆண் பெண் எண்டு வித்தியாசம் இல்லை, அந்தத் தொழிலில பொம்பிளையள்தான் கூட, அதால எல்லாத்தையும் கலந்தா கடையில நிக்கிற பிள்ளையளின்ர குறைச்சல் வெளியில தெரியாது.

நாள் கூலியையும் சொந்தத் தொழிலையும் இதுக்குள்ள கலக்காதேங்கோ. வெங்காயத் தோட்டத்தில களை பிடுங்கிற அக்காமார், வீட்டில மிளகாய்த்தூள் இடிச்சு விக்கிறவை, தையல் மெசினோட இருக்கிறவை ஒருத்தரும் முழுநேரச் சம்பளக் கணக்கில வராயினம். அவையை விட்டுட்டுத்தான் இந்தக் கணக்கு எண்டு தாளின்ர அடியில ஒரு வரி எழுதி விடுங்கோ.