கல்யாணத் தேதி குறிக்கும் முன் ஊரைக் கேளுங்கள்: மாதம் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பங்குனியில் பெண்ணுக்குக் கல்யாணம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, 900 இலை, சமையலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். நான் தொகை சொல்வதற்கு முன்னால், "பொண்ணோட தாய்மாமன் எந்த ஊருண்ணே?" என்றேன். செல்லம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் என்றார். "அங்க எந்த மாசம் சாமி சாட்டுவாங்க, கேட்டீங்களா?" என்றதும் அப்பா மகனைப் பார்க்கிறார், மகன் அப்பாவைப் பார்க்கிறான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். 18 வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதுரையில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்து 22 வருஷம் ஆகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகாது, ராகு காலம் பார்க்க வேண்டும், பெண்ணுக்குக் குரு பலம் வந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் ஜோசியருக்கும் தெரிந்ததுதான், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சாங்கத்தில் அச்சடிக்காத விஷயங்கள் சில இருக்கின்றன. பந்தியில் நின்று பார்த்தால்தான் அது தெரியும்.

ஊர்ச் சாட்டு எப்போது என்று கேட்காமல் தேதி வைப்பது

டவுனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஒரு காளியம்மனோ முத்தாலம்மனோ மாரியம்மனோ இருக்கும், அதற்கு ஒரு பொங்கல் திருவிழா இருக்கும். ஊர்க்கூட்டம் போட்டு இன்ன செவ்வாய்க்கிழமை பொங்கல் என்று முடிவு செய்து, அதற்கு எட்டு நாளோ பதினைந்து நாளோ முன்னால் சாமி சாட்டுவார்கள், அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவிப்பார்கள். சாட்டிவிட்டால் ஊரில் மற்ற எல்லாக் காரியமும் அதற்குப் பிறகுதான். விரதமிருந்து காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்ட மாட்டார். மற்றவர்கள் பகலில் வேலைக்குப் போய் வரலாம், ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. ஊருக்குள் கல்யாணம், காதுகுத்து எதுவும் வைக்க மாட்டார்கள். கட்டுப்பாடு ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் ராத்திரித் தங்கல் கூடாது என்பது நான் பார்த்த ஊர்களில் பெரும்பாலும் உண்டு.

இதில் சிக்கல் என்னவென்றால், கல்யாணத்துக்கு நாம் ஐந்து, ஆறு மாதம் முன்னாலேயே தேதி வைத்துவிடுகிறோம், ஊர்க்கூட்டமோ பொங்கலுக்குச் சில வாரம் இருக்கும்போதுதான் கூடும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று நல்ல முகூர்த்தம் விழுகிற மாதங்களில்தான் இந்தப் பக்கம் பாதி ஊர்ப் பொங்கலும் வரும்.

என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தேதி பார்த்தது நான். அப்பா இல்லை, வீட்டுக்கு மூத்தவன், நாலு வருஷம் கல்யாண வேலை பார்த்த தைரியமும் இருந்தது. கார்த்திகையில் நிச்சயம் முடிந்தது. பங்குனியில் நல்ல வளர்பிறை முகூர்த்தம், மண்டபமும் கிடைத்துவிட்டது. அம்மா அப்போதே, "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கடா" என்று சொன்னார். "பத்திரிகை அடிச்சதும் நேர்லயே போய்ச் சொல்லிக்கலாம்மா" என்றேன்.

மாசிக் கடைசியில் தாம்பாளத்தோடு போனோம். மாமா திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையைப் படித்தார், இன்னொரு தடவை தேதியைப் பார்த்தார், அப்புறம் மஞ்சள் தடவிய ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மாப்ள, முந்தாநாள்தான்டா கூட்டம் போட்டாங்க. நீ சொல்ற அன்னைக்குச் சாட்டி அஞ்சாவது நாளு. பையனுக்கு உடம்பு முடியாம கெடந்தப்ப அக்கினிச்சட்டி நேந்துக்கிட்டேன், இந்த வருஷம் எடுக்கணும். காப்புக் கட்டிருவேன்டா" என்றார். அத்தை உள்ளே போய்விட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

தேதியை மாற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டார்கள், மண்டப அட்வான்ஸும் திரும்பாது. நடத்தினோம். முதல் நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர் வரவேண்டிய நேரத்தில் மேளக்காரர்கள் வாசலில் காத்திருந்து காத்திருந்து உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமா ஊருக்கு இரண்டு பஸ் பேசியிருந்தோம். காலையில் ஒரு வேனில் 11 பேர் வந்தார்கள், தாலி கட்டியதும், சாட்டு நேரத்தில் வெளிச் சாப்பாடு வேண்டாம் என்று காப்பியோடு கிளம்பினார்கள். மாமா நிற்க வேண்டிய இடத்தில் அவர் மகன் நின்றான், 14 வயசு. தங்கச்சிக்கு மாலை போடும்போது அவன் கை நடுங்கியது, மாலை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்ததை அம்மாதான் எடுத்துச் சரிசெய்தார்.

700 இலைக்குச் சமைத்திருந்தேன். 390 இலைதான் போட்டோம். மீதிச் சோற்றையும் சாம்பாரையும் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஏற்றிவிட்டோம், பாயசம் பங்குனி வெயிலில் மத்தியானமே புளித்துவிட்டது. மொய் பின்னால் வீடு தேடி வந்தது, அதில் யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் தங்கச்சி ஆல்பத்தில் தாய்மாமன் சீர் படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா இன்றுவரை அந்த ஆல்பத்தை எடுத்துப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதனால்தான் இன்னொருவர் இதே தப்பைச் செய்யும்போது எனக்குக் கோபமே வருகிறது. மண்டபத்தில் ஏசி எத்தனை டன் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள், தாய்மாமன் ஊரில் பொங்கல் எப்போது என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டியது நாலு ஊர்: பெண்ணின் அப்பா ஊர், அம்மா ஊர், மாப்பிள்ளையின் அப்பா ஊர், அம்மா ஊர். போன வருஷம் எந்த மாதம் எந்த வாரம், அதற்கு முந்தின வருஷம் எப்போது என்று கேளுங்கள். "இன்னும் முடிவாகலைப்பா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்போது விட்டுவிடாதீர்கள், இந்த வருஷம் பொங்கல் உண்டா, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற தலைக்கட்டு வரி வசூல் எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேளுங்கள். ஏதாவது தகராறு என்றால் சில ஊர்களில் ஒன்றிரண்டு வருஷம் நிற்கும், அப்புறம் திடீரென்று நடக்கும். நாட்டாமையைவிட வரி நோட்டு வைத்திருப்பவருக்குத்தான் சரியான தகவல் தெரியும். மாசியில் வைப்பவர்கள் மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களையும் விட்டுவிடுங்கள், குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு போய்விடுவார்கள், மண்டபத்தில் ஆள் இருக்காது.

அந்த அப்பாவும் மகனும் என் முன்னாலேயே போன் போட்டார்கள். ஊரில் போன இரண்டு வருஷமும் பங்குனி மூன்றாவது வாரம். இவர்கள் வைத்திருந்ததும் அதே வாரம். மண்டபத்துக்காரர் நல்ல மனிதர், வைகாசிக்கு மாற்றித் தந்தார். பத்திரிகை இன்னும் அடிக்காததால் பிழைத்தார்கள்.

ஊரே கல்யாணம் வைக்கிற நாளில் நீங்களும் வைப்பது

வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி. மூன்றும் சேர்ந்தால் மதுரையில் ஒரு மண்டபம் காலி இருக்காது, திருப்பரங்குன்றத்தில் கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு எல்லாக் கூலியும் ஏறும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஒரே ஆளுக்கு அன்று நாலு பத்திரிகை வந்திருக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு இடத்தில் சாப்பிடுவார், மற்ற மூன்றில் மொய் எழுதிவிட்டு வண்டியை எடுப்பார். நீங்கள் 800 பத்திரிகை கணக்கில் இலை சொல்வீர்கள், பந்தி பாதியில் நிற்கும். பரிமாறுகிற ஆட்களும் அன்று புதுப் பையன்களாகத்தான் கிடைப்பார்கள், பழகினவர்களை மாதங்களுக்கு முன்பே பேசி வைத்துவிடுவார்கள். புதன், வியாழனில் வருகிற முகூர்த்தத்தைப் பாருங்கள். தேய்பிறையிலும் பஞ்சமி வரை வைக்கலாம் என்று பல ஜோசியர்கள் சொல்கிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். கூட்டம் கொஞ்சம் குறையலாம், வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள்.

சித்திரைத் திருவிழா வாரம்

வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேர், அப்புறம் அழகரை வரவேற்கிற எதிர்சேவை, சித்ரா பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊர் வேறு மாதிரி இருக்கும். தல்லாகுளம், கோரிப்பாளையம், அழகர்கோவில் ரோட்டில் மண்டபம் எடுத்தால் உங்கள் மாப்பிள்ளை கார் கூட்டத்தில் நிற்கும். சமையலுக்கும் ஆள் கிடையாது. திருக்கல்யாண விருந்துக்கு முதல் நாள் ராத்திரி சேதுபதி பள்ளியில் காய் நறுக்க என் ஆட்களில் பாதிப்பேர் போய்விடுவார்கள், எவ்வளவு கூலி சொன்னாலும் வரமாட்டார்கள், நானும் தடுக்க மாட்டேன்.

மாசியில் நடந்துகொண்டிருந்த அந்தக் கல்யாணத்தைத் திருமலை நாயக்கர்தான், அறுவடை முடிந்து கிராமத்துச் சனம் வந்து பார்க்க வசதியாக, சித்திரைக்கு மாற்றினார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மீனாட்சி கல்யாணத்துக்கே யார் யார் வர முடியும் என்று பார்த்துத்தான் மாதம் வைத்திருக்கிறார்கள்.

தேர்தல் வருஷமாக இருந்தால் இன்னும் கவனம். 2019-இல் ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு, அன்றைக்கே இங்கே தேரோட்டம், மதுரையில் மட்டும் ராத்திரி 8 மணி வரை ஓட்டுப் போட நேரம் கொடுத்தார்கள். தேர்தல் நடத்தை விதி இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். மண்டபப் பாக்கி, சமையல் பாக்கி எல்லாம் மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவரும் அப்பாக்கள் பத்திரிகையையும் பேங்கில் பணம் எடுத்த சீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தையில் மல்லிகையை நம்புவது

சமையல்காரனைக் கேட்டால் தைதான் நல்ல மாதம் என்பேன். பால் திரியாது, தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கும் தாங்கும், அடுப்படியில் ஆள் மயங்கி விழமாட்டான். ஆனால் பனியில் மல்லிகை வரத்து குறைந்துவிடும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மதுரை மல்லி, தைப் பொங்கலை ஒட்டி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ 2,000, 3,000 என்று போகிற வருஷங்கள் உண்டு. அதே பூ கோடையில் மலிவாகக் கிடைக்கும். வரவேற்பு மேசையில் வருகிற பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுக்க முழம் முழமாக மல்லிகை என்று தை கல்யாணத்தில் திட்டம் போடாதீர்கள். பெண்ணுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் மல்லிகை வாங்குங்கள், மணவறைக்குச் செவ்வந்தியும் சம்பங்கியும் போதும்.

முருங்கைக்காயும் அப்போது யானை விலை. சாம்பாரில் கத்தரிக்காய் போடச் சொல்லுங்கள்.

ஆனிக் கடைசி முகூர்த்தம்

"ஆடி வர்றதுக்குள்ள முடிச்சிரணும்" என்று அவசரமாக வைப்பார்கள். தாலி கட்டி இரண்டு, மூன்று வாரத்தில் ஆடி பிறந்துவிடும், சீர் வைத்துப் பெண்ணை அழைத்து வர வேண்டும். மண்டபப் பாக்கியே அடையாத அப்பா மறுபடி துணிக்கடையில் நிற்பார், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தலை தீபாவளி, மாப்பிள்ளைக்கு மோதிரம். எனக்குத் தர வேண்டிய பாக்கியைத் தலை தீபாவளி முடித்துத் தருகிறேன் என்று ஒரு அப்பா கண் கலங்கிச் சொன்னார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. தையில் வைத்தால் ஆடிக்கு ஐந்து மாதமாவது இருக்கும். ஆனிதான் அமைகிறது என்றால் இந்தச் செலவையும் கல்யாணச் செலவிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

பொதுத் தேர்வு நேரம்

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை உள்ள வீட்டிலிருந்து ஒருவர்தான் வருவார். இலையைக் குறைத்துச் சொல்லுங்கள்.

வைகாசியில் மத்தியான வரவேற்பு

காலையிலேயே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரிக்கு வையுங்கள்.

ஐப்பசியில் மொட்டைமாடிப் பந்தி

வேண்டாம்.